மன்னரின் நூற்று இருபத்தோராவது அடி

அடியும் முழமும் படியும் ஊருக்கு ஊர் வேறாகக் கிடந்த முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றை உத்தமசீலர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மன்னர்தான். ஆனால் காலையில் மனதில் தோன்றியதை மாலைக்குள் சட்டமாக்கிவிடும் அவசரம் அவரிடம் உண்டு. ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவர். கைகளும் நீளம், கால்களும் நீளம். பாதங்கள் மட்டும் என்னவோ அந்த உடம்புக்குப் பொருந்தாமல் சிறுத்திருந்தன. அவற்றைத் தாமரை மொட்டுகள் என்று பாடிய புலவர்கள் பரிசு வாங்கிப் போனார்கள். அளவெடுக்கும்போது "சின்னப் பாதம்" என்று வாய்தவறிச் சொன்ன செருப்புத் தொழிலாளியை அதற்குப் பிறகு அரண்மனைக்குள் யாரும் அழைக்கவில்லை.

அந்த அரசவையில் செவந்தியப்பன் என்றொரு விகடகவி இருந்தான். மன்னர் கோபத்தில் எதையாவது சொல்லிவிட்டு அதிலிருந்து இறங்க வழி தெரியாமல் நிற்கும்போது, ஏணியைக் கொண்டுவந்து சாத்துவது அவன் வேலை. அதனாலேயே மன்னருக்கு அவனைப் பிடிக்கும். நில அளவை அதிகாரி வல்லபராயருக்கு அவனைப் பிடிக்காது. மன்னர் சிரிக்கும்போது ராயருக்கு வயிறு எரியும்.

ஒரு வருடம் ஆற்றில் வெள்ளம் வந்து நெசவாளர் குடியிருப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. நாற்பது குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் தறியும் பிள்ளைகளுமாக ஒண்டிக் கிடந்தன. மன்னர் மேட்டு நிலத்தில் புதிதாக ஒரு தெரு அமைக்க முடிவு செய்தார். தெருவின் இரு புறமும் இருபது இருபது வீடுகள். ஒவ்வொன்றும் இருபது அடி அகலம், அறுபது அடி நீளம். கோயில் சுவரில் பழைய மன்னர் ஒருவர் வெட்டிவைத்த அளவுகோல்தான் அப்போது நடைமுறையில் இருந்தது. அதன்படியே நிலம் குறித்து, தெருவின் கடைக்கோடி எல்லையில் மன்னரே ஒரு கல் நட்டார்.

வீட்டுக்கு விலை எப்படி வாங்குவது என்று சபையில் பேச்சு வந்தது. மொத்த விலையையும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும் என்றார் வல்லபராயர். இனாமாகவே கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். மன்னர் செவந்தியப்பனைக் கேட்டார். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மீதியைப் பத்து வருடத்தில் தவணையாகக் கட்டச் சொல்லலாம் என்றான் அவன். முழு விலையும் கையில் இருப்பவன் கோயில் மண்டபத்தில் ஏன் படுத்திருக்கப் போகிறான். அதே சமயம், கையிலிருந்து கொஞ்சமாவது போட்டவன்தான் ஓடு உடைந்தால் தானே ஏறி மாற்றுவான். முன்பணம் குறையக் குறையத் தவணை கனக்கும், கூடக் கூட வீடு வாங்க வரும் ஆட்கள் குறைவார்கள், ஐந்தில் ஒரு பங்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று விளக்கினான். மன்னருக்கு அது சரியென்று பட்டது. ஓலை எழுதும்போது வல்லபராயர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். பின்வாங்குகிறவருக்கு முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதுதான் அந்த வரி.

நெசவாளர்கள் பாத்திரம் பண்டம் விற்று முன்பணம் கட்டினார்கள். முப்பத்தொன்பது குடும்பம் சேர்ந்தது. ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த நாற்பதாவது வீட்டைச் செவந்தியப்பன் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி வடிவாம்பாள் பதினாறு வருடமாக வாடகை வீட்டில் இருந்தவள். தன் காசுமாலையைக் கழற்றி அவள்தான் முன்பணத்துக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "இனிமே நான் சுவத்துல ஆணி அடிச்சா ஒருத்தர் வந்து கேக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் மன்னரின் பிறந்தநாள் வந்தது. வடக்கிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் பன்னிரண்டு முழம் பட்டு வாங்கினார்கள். அந்த வணிகர் குள்ளமானவர். தன் கையால் முழம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விழாவன்று மன்னர் அதில் தைத்த அங்கியை உடுத்திக்கொண்டு சபைக்கு வந்தபோது பட்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு மன்னரின் கண்ணில் பட்டுவிட்டது.

அன்று மாலைக்குள் சட்டம் பிறந்தது. இனி நாட்டில் ஊருக்கு ஓர் அளவு கிடையாது. "அரசன் அடியே நாட்டின் அடி. அரசன் கையே நாட்டின் முழம்." செப்பேட்டில் வெட்டியாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். செவந்தியப்பன் மட்டும், மன்னர் வேட்டைக்குப் போயிருக்கும்போது கடைக்காரர்கள் எதைக் கொண்டு துணி அளப்பார்கள் என்று பணிவாகக் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல வல்லபராயர் முன்னால் வந்தார். மன்னர் உண்டு களைத்து உறங்கும்போது நூல் பிடித்துப் பாதத்தையும் கையையும் அளந்து, கருங்காலியில் கோல் செய்து நாடெங்கும் அனுப்புவதாகச் சொன்னார். மன்னர் சம்மதித்தார்.

கோல்கள் வந்தன. அப்புறம்தான் வேடிக்கை தொடங்கியது. மன்னரின் கை நீளம். ஆகவே அரண்மனைக்கு வரியாகக் கொடுக்கும் துணி முழத்துக்கு முழம் கூடியது. மன்னரின் பாதம் சிறிது. ஆகவே அரண்மனை விற்கும் நிலம் அடிக்கு அடி குறைந்தது. பழைய அடியில் முக்கால்தான் புதிய அடி. இருபது அடி அகலமென்று ஓலையில் எழுதிய வீடு, புதுக் கோலில் இருபது அடியாகவே எழும்பி, பழைய கணக்கில் பதினைந்தாக நின்றது. விலை மட்டும் குறையவில்லை.

சுவர் எழும்பிக் கூரையும் போட்ட பிறகு நெசவாளர்கள் தறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தறி உட்கார்ந்தது. நெய்கிறவர் உட்கார இடமில்லை. நெய்கிறவர் உட்கார்ந்தால் பாவு நூல் இழுத்துக் கட்டும் முளையை வாசலுக்கு வெளியே அடிக்க வேண்டியிருந்தது. தெருவில் போகிற மாடு பாவில் கால் வைத்தது. நெசவாளர்களின் தலைவர் பச்சையாண்டார் வல்லபராயரிடம் போய், வீடு வேண்டாம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். ராயர் ஓலையை எடுத்து அந்தக் கடைசி வரியைக் காட்டினார்.

பச்சையாண்டார் நேராகச் செவந்தியப்பன் வீட்டுக்கு வந்தார். அவன் தன் புது வீட்டில் கட்டிலைக் குறுக்கே போடுவதா நெடுக்கே போடுவதா என்று திண்டாடிக்கொண்டிருந்தான்.

"சாமி, எங்க பொம்பளைங்க கழுத்துல கிடந்ததெல்லாம் இந்தச் சுவத்துக்குள்ள போயிடுச்சு" என்றார் அவர். "உள்ள இருந்தா தொழில் இல்ல. வெளிய போனா காசு இல்ல. நாங்க எங்கதான் நிக்கிறது?"

செவந்தியப்பனுக்கு அன்று விகடம் எதுவும் வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்று சபையில் சொன்னவன் அவன்தான். தன் பேச்சை நம்பித்தான் இவர்கள் கட்டினார்கள் என்பது அவனை உறுத்தியது. மன்னரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

அவன் பேசுவதற்கு முன்னால் வல்லபராயர் பேசிவிட்டார். மறுநாள் சபையில் எல்லோர் முன்னிலையிலும், மன்னரின் பாதம் சிறியது என்று செவந்தியப்பன் தெருத்தெருவாகச் சொல்லித் திரிவதாகப் புகார் வைத்தார். மன்னரின் முகம் சிவந்துவிட்டது. அப்படிச் சொன்னாயா என்று கேட்டார். வீடு சிறியது என்றுதான் சொன்னேன், பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றான் செவந்தியப்பன்.

"வீட்டை அளந்தது அரசரின் அடி. வீடு சிறியது என்றால் அடி சிறியது என்றுதானே பொருள்?" என்றார் ராயர்.

மன்னர் செவந்தியப்பன் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "செவந்தியப்பா, மூன்று நாள் தருகிறேன். அந்த வீடுகள் அளவில் குறைந்தவை என்று இந்தச் சபையில் நிரூபிக்க வேண்டும். ஆனால் என் அடி சிறியது என்று நீ சொல்லக் கூடாது. என் செப்பேட்டில் ஓர் எழுத்தை மாற்றச் சொல்லியும் கேட்கக் கூடாது. முடியவில்லை என்றால் வீட்டையும் முன்பணத்தையும் விட்டுவிட்டு இந்த நாட்டை விட்டே போய்விடு."

இரண்டு நாள் செவந்தியப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. அடி சரி என்றால் வீடு சரி. வீடு தவறு என்றால் அடி தவறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. மூன்றாம் நாள் காலை வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான். வடிவாம்பாள் கையில் கஞ்சிக் குவளையோடு அவனுக்கு வழிவிட்டு வழிவிட்டுச் சலித்துப்போனாள்.

"ஏங்க, நடக்கிறதுன்னா வெளிய போய் நடங்க. இந்த வீட்டுல நாலு அடி எடுத்து வெச்சா கொல்லப்புறம் வந்துடுது" என்றாள்.

செவந்தியப்பன் நின்றான். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். எதைச் சொல்ல என்று கேட்டாள் அவள். இப்போது சொன்னதையே சொல் என்றான். அவள் சொன்னாள். அவன் குவளையை வாங்கிக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு சபைக்குக் கிளம்பிவிட்டான். போகிற வழியில் பச்சையாண்டாரைப் பார்த்து, தெருவில் ஈரப்பாய் விரித்து வைக்கச் சொன்னான். ஏன் என்று அவர் கேட்டதற்கு, பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு வரப்போகிறார் என்று மட்டும் சொன்னான்.

சபை நிறைந்திருந்தது. வல்லபராயர் புது அங்கவஸ்திரம் போட்டு வந்திருந்தார்.

செவந்தியப்பன் வணங்கிவிட்டுத் தொடங்கினான். "அரசே, தங்கள் அடி சிறியது என்று நினைப்பவன் எவனாக இருந்தாலும் அவன் பார்வையில்தான் கோளாறு. அது பெரிய அடி. அவ்வளவு பெரியதை வல்லபராயர் அந்தச் சிறிய கோலுக்குள் எப்படி அடக்கினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. செப்பேட்டை ஒருமுறை படிக்கச் சொல்ல வேண்டும்."

எழுத்தர் படித்தார். அரசன் அடியே நாட்டின் அடி.

"இதில் கோல் என்ற சொல் இருக்கிறதா?" என்று கேட்டான் செவந்தியப்பன்.

இல்லை என்றார் எழுத்தர்.

வல்லபராயர் எழுந்தார். மன்னர் உறங்கும்போது தானே பக்கத்தில் இருந்து நூல் பிடித்து அளந்ததாகவும், மயிரிழைகூடப் பிசகவில்லை என்றும் சத்தியம் செய்தார்.

"அதுதான் பிழை" என்றான் செவந்தியப்பன். "மன்னர் படுத்திருக்கும்போது பாதம் இருக்கிறது. அடி எங்கே இருக்கிறது? எடுத்து வைத்தால்தானே அது அடி? ராயர் மன்னரின் பாதத்தை அளந்தார். செப்பேடோ மன்னரின் அடியைக் கேட்கிறது. ஆகவே அந்த வீடுகள் செப்பேட்டின்படி அளக்கப்படவே இல்லை. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். எழுதியபடி நடந்தால் போதும்."

சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. மன்னர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. எழுதியபடியே நடப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெயிலில் நிலம் கொதிக்கிறது, திருவடி நோகும் என்று வல்லபராயர் தடுத்துப் பார்த்தார். பாய் விரித்தாயிற்று என்றான் செவந்தியப்பன்.

புதுத் தெருவின் முனையில் மன்னர் நின்றார். இருபுறமும் நெசவாளர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது வீடு, வீட்டுக்கு இருபது அடி, ஆக நானூறு அடி என்று எழுத்தர் கணக்குச் சொன்னார். மன்னர் நடக்கத் தொடங்கினார். நாரை நடப்பது போல நீள நீளமான அடிகள். எழுத்தர் எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினார். இருபது ஆயிற்று என்று அவர் சொன்னபோது மன்னர் திரும்பிப் பார்த்தார். மூன்று வாசல்களை முழுதாகத் தாண்டி நாலாவதன் ஓரத்தில் நின்றிருந்தார். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். மன்னர் மேலே நடந்தார்.

நூற்று இருபதாவது அடியில் இருபது வீடுகளும் முடிந்துவிட்டன. நூற்று இருபத்தோராவது அடிக்குக் காலைத் தூக்கியபோது மன்னரின் மூக்குக்கு நேரே ஒரு சுவர் நின்றது. புதிய, உயரமான, வெள்ளையடித்த சுவர். அதற்கு அப்பால் மாங்கன்றுகளும் ஒரு மாளிகையின் மேல்மாடமும் தெரிந்தன.

"இன்னும் இருநூற்றெண்பது அடி பாக்கி இருக்கிறது. இது யாருடைய சுவர்?" என்று கேட்டார் மன்னர்.

வல்லபராயரின் புது அங்கவஸ்திரம் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெருவின் எல்லையில் தன் கையாலேயே ஒரு கல் நட்டது மன்னருக்கு நினைவு வந்தது. அந்தக் கல் எங்கே என்று கேட்டார்.

பச்சையாண்டார் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "உள்ளதான் இருக்குதுங்க மகாராஜா. அதுல ராயர் வீட்டுத் துணி துவைக்கிறாங்க."

கதவைத் திறக்கச் சொல்லி மன்னர் உள்ளே போனார். கல் இருந்தது. மேலே ஈரத்துணி கிடந்தது. நாற்பது வீடுகளும் கால் பங்கு அகலம் சுருங்கியதில் தெருக்கோடியில் மிஞ்சிய நிலம் அத்தனையும் அந்த மாளிகைக்கும் தோப்புக்கும் போயிருந்தது. ஒவ்வொரு நெசவாளரும் முன்பணம் கொடுத்தது தன் வீட்டுக்கு மட்டுமல்ல, ராயர் வீட்டுக்கும்தான். மன்னருக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் அவர் கை உடைவாளின் பிடிக்குப் போனது. வல்லபராயர் துவைக்கிற கல்லின் பக்கத்திலேயே மண்டியிட்டுவிட்டார்.

செவந்தியப்பன் மெல்ல மன்னரின் பக்கத்தில் வந்தான். "அரசே, செப்பேட்டின்படி இன்னும் இருநூற்றெண்பது அடி நடக்க வேண்டும். இந்தத் தோப்புக்குப் பின்னால் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் அடுத்த நாடு. தாங்கள் எண்ணி முடிக்கும்போது அவர்களுடைய யானைக் கொட்டாரத்தில் நிற்பீர்கள். படையை முன்கூட்டியே அனுப்பட்டுமா?"

மன்னரின் கை வாளிலிருந்து நழுவியது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டே சிரித்தார். ஆனாலும் செப்பேட்டை மாற்ற மாட்டேன் என்று தானே சபையில் சொல்லியிருக்கிறோமே என்ற சங்கடம் அவருக்கு இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று கேட்டார்.

செவந்தியப்பன் ஏணியைச் சாத்தினான். செப்பேடு அப்படியே இருக்கட்டும், அரசரின் அடி அரசருக்கே உரியது, அதைக் கொண்டு குடிகள் கொல்லைப்புறம் அளப்பது மரியாதைக் குறைவு என்று இன்னொரு செப்பேடு வெட்டினால் போதும் என்றான். குடிகளுக்குக் கோயில் சுவரின் பழைய கோலே இருக்கட்டும். அதையே சந்தை வாசலிலும் கல்லில் வெட்டி வைத்தால், வாங்குகிறவரும் விற்கிறவரும் தங்கள் கோலை அதில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். யார் கை நீளம், யார் கால் குட்டை என்ற பேச்சே எழாது.

மன்னர் ஒப்புக்கொண்டார். அன்று மாலைக்குள் அவர் செய்த சட்டங்களில் அதுவரை இல்லாத ஒன்றும் சேர்ந்தது. முன்பணம் கொடுத்தவர் பின்வாங்கினால் அதை இழப்பது போலவே, முன்பணம் வாங்கியவர் அளவையோ விலையையோ மாற்றினால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரியாகக் கூடுதலாக வாங்கிய துணியும் திரும்பிப் போனது.

மாளிகை இடிக்கப்பட்டது. வீடுகளின் சுவர்களைப் பிரித்து, ஓலையில் கண்ட அளவுக்கு மறுபடி கட்டினார்கள். தெருவோடு ஒட்டாமல் தோப்பின் மூலையில் மிஞ்சிய ஒரு துண்டு நிலத்தை நெசவாளர்கள் பாவு விரிக்கும் பாவடியாக மன்னர் கொடுத்தார். ஒரே ஒரு வீட்டை மட்டும் வல்லபராயர் கோலின் அளவிலேயே பாவடி ஓரத்தில் கட்டினார்கள். அதில் வல்லபராயர்தான் குடியிருக்க வேண்டும், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டிவிட்டு என்று மன்னர் தீர்ப்பளித்தார். ராயருக்குப் பெரிய குடும்பம். இரண்டு மருமகள்கள். அந்த வீட்டிலிருந்து வரும் சத்தத்தில் பாவடியில் நூல் அறுந்துபோவதாக நெசவாளர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

செவந்தியப்பனுக்குப் பரிசாக, அவன் வீட்டின் மீதித் தவணை அத்தனையும் தள்ளுபடி என்றார் மன்னர். அவன் நன்றி சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் தள்ளுபடி என்றால் அந்தத் தெருவில் ஒருவரும் தனக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்றான். மன்னர் யோசித்து, நாற்பது வீட்டுக்கும் முதல் இரண்டு வருடத் தவணையைத் தள்ளுபடி செய்துவிட்டார். அது தெருவுக்கு. விகடகவிக்கென்று தனியாக ஏதாவது கொடுத்தே தீருவேன் என்று, புதுமனை புகும் நாளன்று அவரே ஒரு தட்டில் காசுமாலையோடு அவன் வீட்டுக்கு வந்துவிட்டார். அதை வடிவாம்பாளின் கையில் கொடுத்தார்.

"வீடு இப்போது மனதுக்குப் பிடித்திருக்கிறதா, அம்மா? வேறு குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

வடிவாம்பாள் காசுமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருமுறை கணவனைப் பார்த்தாள். "எல்லாம் நிறைவா இருக்குங்க மகாராஜா. ஒரே ஒரு குறைதான். வாசல்ல உக்காந்து இவரு பேசுறது சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. கேக்காம இருக்கணும்னா எத்தன அடி வேணும்னு உங்க ஆளுங்கள விட்டு அளந்து சொல்லச் சொல்லுங்க."

மன்னர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்மா, அரண்மனையில் இருந்தே எனக்குக் கேட்கிறது. அந்த அளவுக்கு என் நாட்டில் நிலம் கிடையாது" என்றார். சொன்னதோடு நிற்காமல், அந்த வீட்டுக்குப் பின்னால் தடித்த சுவரோடு இன்னொரு கட்டு எழுப்பிக் கொடுக்கும்படி அங்கேயே உத்தரவிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பல்லக்கில் ஏறினார்.